தொரை குளத்து மீன்

போன வாரம் எங்கள் வகுப்பு வாட்ஸப் குழுவில் ஒரு படம் வந்தது. கடைசி செமஸ்டர் டூர் எங்கே போவது என்று நாலு நாளாக ஓடிக்கொண்டிருந்த சண்டையை முடித்து வைப்பதற்காக ஒருவன் அனுப்பியிருந்தான். ஓடு போட்ட பங்களா, முன்னால் புல்வெளி, அதற்குக் கீழே ஒரு குளம். கரையில் தொப்பி வைத்த ஒருவர் தூண்டிலோடு உட்கார்ந்திருக்கிறார். "பழைய வெள்ளைக்காரன் எஸ்டேட்டுடா, சொந்தக் குளம் இருக்காம், மீன் பிடிக்கலாமாம்" என்று கீழே எழுதி, ஒரு மணி நேரத்துக்கு ஆளுக்கு எவ்வளவு என்றும் போட்டிருந்தான். பத்து நிமிஷத்தில் இருபத்தெட்டு பேர் கட்டைவிரல் தூக்கிவிட்டார்கள். நான் மட்டும் "நான் வரலை" என்று எழுதிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

ஏன் வரலை என்று கேட்டவர்களுக்கெல்லாம் காய்ச்சல், பரீட்சை, வீட்டில் விசேஷம் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னேன். மூன்றும் பொய். (மூன்று பேரும் சந்தித்துப் பேசிக்கொண்டால் மாட்டிக்கொள்வேன் என்பதால் இப்போதே ஒப்புக்கொள்கிறேன் :-)) உண்மைக் காரணம் அந்தக் குளம்தான். அது எனக்குத் தெரிந்த குளம். அதன் மதகு எங்கே இருக்கிறது, எந்த மூலையில் சேறு இடுப்பளவு, எந்தக் கற்பூர மரத்தின் வேரடியில் பெரிய மீன் வந்து நிற்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். என் தாத்தாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

நான் பிறந்து பத்து வயது வரை வளர்ந்தது நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். எந்தத் தோட்டம் என்று சொல்லப்போவதில்லை. தாத்தா அங்கே பங்களா தோட்டக்காரர். புல் வெட்டுவது, ரோஜாவுக்கு எரு போடுவது, தொரைசாணி வளர்க்கும் நாயைக் குளிப்பாட்டுவது எல்லாம் அவர் வேலை. விருந்தாளிகள் வந்தால் கூடுதலாக இன்னொரு வேலை உண்டு. அவர்கள் மீன் பிடிக்கும்போது கூடப் போகவேண்டும். மண்புழு தோண்டித் தரவேண்டும், மீன் மாட்டினால் கைவலையை நீட்டித் தூக்கவேண்டும், மீன் மாட்டாவிட்டால் "இன்னைக்குக் காத்து சரியில்லைங்க தொரை" என்று சொல்லவேண்டும். மீன் இருக்கும் இடத்தைக் காட்டுகிறவர் அவர்தான். தூண்டிலைத் தொட மட்டும் அவருக்கு அனுமதி இல்லை.

அந்தக் குளம் தானாக உண்டான குளம் இல்லை. ஓடையைக் குறுக்கே மறித்து, மண்கரை போட்டு, ஃபாக்டரிக்குத் தண்ணீர் தேக்குவதற்காக எந்தக் காலத்திலோ கட்டியது. மூன்று பக்கம் தேயிலை, ஒரு பக்கம் சீகைக் காடு. ரேஷன் கார்டில் இருக்கும் ஊர்ப் பெயரைவிட எங்களுக்குப் பழக்கமான பெயர் அதற்கு இருந்தது: தொரை குளம். பெயரிலேயே பட்டா எழுதி வைத்துவிட்டார்கள், பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் தாத்தா என்னை எழுப்புவார். பாட்டிக்குத் தெரியாமல் என்று அவர் நினைப்பு. பாட்டி முந்தின நாள் ராத்திரியே என் ஸ்வெட்டரை அடுப்புப் பக்கம் காயப்போட்டிருப்பார். சீகைக் காட்டுக்குள் புகுந்து போவோம். டார்ச் அடிக்கக் கூடாது. காட்டுமாடு நிற்கிறதா என்று தாத்தா மூக்கைத் தூக்கி மோந்து பார்ப்பார். எனக்குக் காட்டுமாட்டு வாசனையும் சாணி வாசனையும் ஒன்றாகத்தான் இருக்கும். அவர் நின்றால் நானும் நின்றுவிடுவேன்.

தூண்டில் என்றால் படத்தில் இருந்தவர் வைத்திருந்த மாதிரி சுழல் சக்கரம் போட்டதெல்லாம் இல்லை. ஓடையோரம் வெட்டின மூங்கில், நுனியில் நைலான் நரம்பு, தக்கைக்கு மயிலிறகுத் தண்டு. முள் மட்டும் நல்ல முள். அது விருந்தாளிகள் யாரோ விட்டுப்போனது. இரைக்கு மண்புழு கிடையாது. தாத்தா சொல்வார், புழுவுக்குச் சின்ன மீன்தான் வரும், பெரியது ரொட்டிக்குத்தான் வரும் என்று. பங்களா குசினியில் மிச்சமான ரொட்டியை சமையல்காரர் அவருக்குக் கொடுப்பார். நடுச் சதையை மட்டும் எடுத்து, துளி தண்ணீர் தொட்டு, கோலிக்குண்டு அளவுக்கு உருட்டுவார். அதிகமாகப் பிசையக் கூடாது. பிசைந்தால் கல் மாதிரி ஆகிவிடும், மீன் வாயில் வாங்கித் துப்பிவிடும்.

மாட்டுவது பெரும்பாலும் கண்ணாடிக் கெண்டை. பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: உடம்பு முழுக்கச் செதில் இருக்காது. முதுகோரமாகவும் பக்கவாட்டிலும் அங்கங்கே பெரிய பெரிய செதில்கள், உடைந்த கண்ணாடியை ஒட்டவைத்த மாதிரி. மீதி இடமெல்லாம் வெறும் தோல். முதல் தடவை பார்த்தபோது அதற்குச் சீக்கு வந்திருக்கிறது என்று நினைத்து அழுதேனாம். தாத்தா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

இந்தக் கெண்டையின் கதையை நான் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். இது நம் நாட்டு மீனே இல்லை. ஐரோப்பாவில் குளங்களில் வளர்த்துப் பழக்கிய வகை. 1939-ல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து ஊட்டியில் விட்டார்கள். அங்கிருந்துதான் மலை முழுக்கப் பரவியது. இதைத் தாத்தாவிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப அதுவும் நம்ம மாதிரி சிலோன்ல இருந்து வந்ததுதானா" என்றார். 1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் இங்கே அனுப்பப்பட்ட குடும்பம் எங்களுடையது. தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் கிடந்து, மலையேறி வந்தவர்கள். கெண்டைக்கு அந்தக் கஷ்டமெல்லாம் இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

வெள்ளைக்காரர்களுக்கு இந்த மலையைப் பார்த்தால் தங்கள் ஊர் ஞாபகம் வந்துவிட்டது. வந்ததோடு விடாமல் அந்த ஊர் மீனையும் கொண்டுவந்துவிடத் துடித்தார்கள். பிரான்சிஸ் டே என்ற மருத்துவர் (இந்திய மீன்களைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதியவர்) 1863-லேயே டிரவுட் மீனைக் கொண்டுவரப் பார்த்தார், நடக்கவில்லை. கடைசியில் 1907 வாக்கில் அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் பண்ணை வைத்து சாதித்துவிட்டார்கள். அதற்கும் முன்னால் 1879-ல் நீலகிரிக்கென்றே தனியாக வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் ஒன்று போட்டாகிவிட்டது. மலையில் காலம் காலமாக இருந்தவர்கள் ஓடையில் கைவைக்க அனுமதி கேட்கவேண்டிய காலம் அப்படித்தான் தொடங்கியது.

சரி, குளத்துக்கு வருகிறேன். 2014, மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்கு ஒன்பது வயது. அன்றைக்கு மாட்டியது நாலு கிலோவுக்குக் குறையாது. தாத்தா மூங்கிலை என் கையில் கொடுத்துவிட்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி, சாக்கைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். மீன் மதகுப் பக்கம் ஓடியது, திரும்பியது, மறுபடி ஓடியது. என் கை நடுங்கியதை இப்போது நினைத்தாலும் உணர முடிகிறது. ஒருவழியாக அதைச் சாக்குக்குள் வாங்கி அவர் நிமிர்ந்தபோது கரைமேல் சின்ன தொரை நின்றுகொண்டிருந்தார். காலையில் ஓட வந்தவர். நடந்துபோக வந்திருந்தால் சத்தம் கேட்டிருக்காது. ஓடி வந்தார், கேட்டிருக்கவேண்டும். நாங்கள் இருவரும் மீனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டோம்.

அடிக்கவில்லை, திட்டவில்லை. போனில் ஒரு படம் எடுத்தார். மீனை பங்களாவில் கொடுக்கச் சொன்னார். மறுநாள் ஒரு கடிதம் வந்தது. தோட்டத்துக்குச் சொந்தமான மீனைத் திருடியதற்காக ஏழு நாள் சம்பளமில்லாத வேலை நிறுத்தம். அவருடைய நீண்ட கால உழைப்பைக் கருத்தில் கொண்டு மேல் நடவடிக்கை கைவிடப்படுகிறது என்று கடைசியில் ஒரு வரி. ஏழு நாள் சம்பளம் போனது தாத்தாவுக்கு வருத்தமில்லை. 'திருட்டு' என்று எழுதியிருந்தது. அந்த வார்த்தையை என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். இரண்டு தடவை. அதற்குப் பிறகு அந்தக் குளத்தில் அவர் தூண்டில் போடவில்லை. விருந்தாளிகளோடு போய் வலை நீட்டுவது மட்டும் வேலையை விடும்வரை தொடர்ந்தது.

பங்களா வரவேற்பறையில் ஒரு படம் மாட்டியிருக்கும். யாரோ ஒரு விருந்தாளி பெரிய கெண்டையை இரண்டு கையால் ஏந்திக்கொண்டு சிரிக்கிறார். படத்தின் ஓரத்தில் கைவலையின் வளையமும் அதைப் பிடித்திருக்கும் ஒரு கையும் மட்டும் தெரியும், மணிக்கட்டு வரை. அது தாத்தா கை. நாற்பது வருஷம் அந்தக் குளத்தோடு இருந்ததற்கு அவருக்குக் கிடைத்த இடம் அந்த மணிக்கட்டு வரைதான்.

ஒரு சந்தேகம் எனக்கு ரொம்ப நாளாக இருந்தது. தாத்தா செய்தது சட்டப்படி திருட்டா? சட்டக் கல்லூரியில் படிக்கும் நண்பனைக் கேட்டேன். அவன் சொன்னது இது: ஆற்றிலும் திறந்த ஏரியிலும் தன்னிஷ்டத்துக்கு நீந்தும் மீன் யாருடைய கைவசமும் இல்லை, அதைப் பிடித்தால் திருட்டு ஆகாது. வேறு விதிகளை மீறியதாக வேண்டுமானால் ஆகலாம். ஆனால் நாலு பக்கமும் அடைத்த குளத்தில் இருக்கும் மீன் குளத்துக்காரனின் கைவசம் இருப்பதாகத்தான் நீதிமன்றங்கள் பார்த்துவந்திருக்கின்றன. எடுத்தால் திருட்டு. 2024 ஜூலை 1-ல் பழைய தண்டனைச் சட்டம் போய் நியாய சன்ஹிதா வந்தபோது திருட்டு 378-லிருந்து 303-க்குக் குடிபெயர்ந்ததே தவிர, மீன் விஷயத்தில் ஒன்றும் மாறவில்லை. 1897-ம் வருஷ மீன்வளச் சட்டமும் 'தனியார் நீர்' என்று ஒன்றைத் தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. அங்கே அரசாங்கம் விதி போடுவதென்றால்கூட சொந்தக்காரரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும்.

எங்கள் குளமோ ஓடையை மறித்துக் கட்டியது. ஐப்பசி மழையில் கலிங்கு வழியும்போது மீனும் சேர்ந்து வழியும். மதகுக்கு இந்தப் பக்கம் இருந்தால் கம்பெனி சொத்து, ஒரு துள்ளு துள்ளி அந்தப் பக்கம் விழுந்தால் யாருக்கும் சொந்தமில்லை. மீனுக்குத் தன்னுடைய சட்ட நிலைமை மாறியது தெரிந்திருக்குமா?

இந்தச் சட்ட மூளையெல்லாம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ரொம்ப தூரம் போகவேண்டாம். இங்கிலாந்தில் 1723-ல் கறுப்புச் சட்டம் என்று ஒன்று போட்டார்கள். முகத்தில் கரி பூசிக்கொண்டு ஆயுதத்தோடு போய்ப் பிரபுக்களின் மானையோ மீனையோ எடுத்தால் தூக்கு. குளத்தின் கரையை உடைத்து மீனை வெளியேற விட்டாலும் தூக்கு. 1820-களில்தான் அது ஒழிந்தது. அதே நாட்டின் 1968-ம் வருஷத் திருட்டுச் சட்டமோ, தனியார் நீரில் மீன் பிடிப்பதைத் தனிச் சின்னக் குற்றமாக ஒதுக்கி, பகலில் தூண்டில் போட்டுப் பிடித்தால் அபராதத்தோடு விட்டுவிடுகிறது. பகல் என்றால்? சூரியன் உதிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னாலிருந்து மறைந்து ஒரு மணி நேரம் வரை என்று அதிலேயே எழுதியிருக்கிறது. நாங்கள் போன நேரம் சரியாக அதற்குள் வருகிறது. விதையை இங்கே போட்டவர்கள் தங்கள் வீட்டு மரத்தைக் கத்தரித்துக்கொண்டார்கள், நாம் அப்படியே வைத்திருக்கிறோம்.

இனிமேல் சொல்லப்போவது நான் இவ்வளவு நேரம் சொன்னதற்கு எதிராகத் தோன்றலாம். ஆனாலும் சொல்லாமல் விட்டால் நேர்மையில்லை.

இங்கிலாந்தில் ஹியர்ஃபோர்ட்ஷயர் பக்கம் பெர்னித்தன் கோர்ட் என்று ஒரு பழைய எஸ்டேட். அதற்குள் ரெட்மயர் என்று ஒரு குளம். மூன்று ஏக்கர்தான், நம் ஊரில் ஊருணி என்று சொல்லிவிடுவோம். 1934-ல் அங்கே ஐம்பது சின்னக் கெண்டைக் குஞ்சுகளை விட்டார்கள். அப்புறம் கிட்டத்தட்ட மறந்தே போனார்கள். 1951-ல் ஒருவர் பதினாலு கிலோ மீனை அங்கே பிடித்ததும்தான் விஷயம் வெளியே தெரிந்தது. அடுத்த வருஷம் செப்டம்பர் 13 விடியற்காலையில் ரிச்சர்ட் வாக்கர் என்பவர் 44 பவுண்டு, அதாவது இருபது கிலோ கெண்டையைப் பிடித்தார். இரை என்ன தெரியுமா? ரொட்டி! (தாத்தாவுக்கு இது தெரிந்தபோது "நான் சொல்லல?" என்பது போல ஒரு பார்வை.) அந்த மீனை வாக்கர் கொல்லவில்லை. லண்டன் மிருகக்காட்சி சாலைக்குப் போன் போட்டு, உயிரோடு கொண்டுபோக வைத்தார். கிளாரிசா என்று பெயர் வைத்தார்கள். 1971 வரை அங்கே கண்ணாடித் தொட்டியில் இருந்தது. 1980-ல் கிறிஸ் யேட்ஸ் அதே ரெட்மயரில் 51½ பவுண்டு மீன் பிடிக்கும்வரை அதை யாரும் மிஞ்சவில்லை.

அந்தக் குளம் ஊருக்கெல்லாம் திறந்து கிடந்திருந்தால் அந்த ஐம்பது குஞ்சுகளில் ஒன்றாவது இருபது கிலோ ஆகியிருக்குமா? சத்தியமாக ஆகியிருக்காது. பூட்டி வைத்ததால்தான் வளர்ந்தது. எங்கள் குளத்துக்கும் இதே நியாயம்தான். எங்கள் தோட்டத்துக்குக் கீழே ஓடை பொதுவில் ஓடுகிறது. கோடையில் அதில் பிளீச்சிங் பவுடர் கொட்டுவதை நானே பார்த்திருக்கிறேன். விரல் நீளக் குஞ்சு முதல் எல்லாம் வயிறு மேலே வந்து மிதக்கும். வெடி போடுவதும் விஷம் கலப்பதும் 1897 சட்டத்திலேயே குற்றம், இரண்டு மாதம் வரை ஜெயில். ஒருத்தரும் போய் நான் பார்க்கவில்லை. ஊட்டி ஏரியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜான் சல்லிவன் 1820-களில் வெட்டிய ஏரி, ஊருக்கே பொது, ஊர்ச் சாக்கடையும் அதில்தான் கலந்தது.

ஆக, "குளத்தை எல்லோருக்கும் திறந்து விடு" என்று கோஷம் போட எனக்கு வாய் வரவில்லை. எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்ததும் அந்தப் பூட்டுதான். அது இல்லாவிட்டால் அங்கே நாலு கிலோ கெண்டை இருந்திருக்காது.

ஆனால் பூட்டு ஒரு விஷயம், சாவி யாரிடம் என்பது வேறு விஷயம். இதைத்தான் பழைய எஸ்டேட் குளங்களைப் பற்றி உருகி எழுதுகிறவர்கள் கவனிப்பதில்லை. இங்கிலீஷில் இப்படிப்பட்ட நினைவுகள் ஏராளம். காலைப் பனி, அல்லி இலை, பழைய மாளிகை, யாருமே இல்லாத குளம். யாருமே இல்லாத குளமாம்! தோட்டக்காரனும் காவல்காரனும் அந்த 'யாரும்' கணக்கில் வருவதில்லை போல. இதில் எனக்குப் பிடித்தது ஜார்ஜ் ஆர்வெல் 1939-ல் எழுதிய நாவல் ஒன்று (விலங்குப் பண்ணை எழுதிய அதே ஆர்வெல்தான்). இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு குண்டு ஆசாமி, சின்ன வயதில் ஒரு பெரிய வீட்டு வளாகத்தில் மரங்களுக்குள் ஒளிந்திருந்த குளத்தைக் கண்டுபிடித்தவர். அதில் ராட்சசக் கெண்டைகள். ஒருநாள் வந்து பிடிக்கலாம் என்று வைத்திருந்து, வாழ்க்கை முழுக்கப் போகவே முடியவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் கழித்துப் போய்ப் பார்த்தால் குளத்தில் தண்ணீர் இல்லை, குப்பைக்குழி, பாதிக்குமேல் தகர டப்பா. மீன் பிடிக்காதவர்களும் படிக்கலாம். அதிலும்கூட அவன் காவல்காரக் கிழவனிடம் நைச்சியம் பேசி அனுமதி வாங்கித்தான் உள்ளே போகிறான். அனுமதியோடு போனவன் நினைவும் திருடன் என்று பெயர் வாங்கியவன் நினைவும் ஒரே தண்ணீரைப் பற்றியதானாலும் ஒன்றாக இருக்குமா?

பூட்டும் வேண்டும், சாவியும் ஊரிடம் இருக்கவேண்டும் என்றால் நடக்குமா என்று கேட்பீர்கள். நடக்கிறதே. சிவகங்கைப் பக்கம் சிங்கம்புணரி, மதுரைப் பக்கம் மேலூர் சுற்றுவட்டாரத்தில் மீன்பிடித் திருவிழா பார்த்திருக்கிறீர்களா? எங்கள் கொள்ளுத்தாத்தாவின் சொந்த ஊர் அந்தப் பக்கம்தான், ஒரு தடவை உறவுக்காரர் அழைத்துப் போனார். வருஷம் முழுக்கக் கண்மாயில் ஒருவரும் கைவைப்பதில்லை. கோடையில் தண்ணீர் வற்றி வரும்போது நாள் குறிக்கிறார்கள். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தெல்லாம் ஊத்தா, கச்சா, வலை என்று தூக்கிக்கொண்டு விடியலிலேயே கரையில் வந்து நிற்கிறார்கள். ஊர்ப் பெரியவர் சாமி கும்பிட்டு வெள்ளைத் துண்டை வீசுகிறார். அவ்வளவுதான், ஆயிரக்கணக்கான பேர் ஒரே ஓட்டமாக உள்ளே. விரால், கெளுத்தி, ஜிலேபி, யாருக்கு எது மாட்டுகிறதோ அது. விற்கக் கூடாது, வீட்டில் சமைத்துச் சாப்பிடவேண்டும். எனக்கு ஒரு கெண்டைக்குஞ்சுகூட மாட்டவில்லை, சேற்றில் ஒரு செருப்பும் போயிற்று. ஆனால் அந்தக் கண்மாய்க்கும் பூட்டு இருக்கிறது. வருஷம் முழுக்கப் பூட்டு. துண்டு வீசும் கை ஊர்க் கையாக இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். (எல்லாக் கண்மாயும் இப்படி இல்லை. மீன் பாசி ஏலம் விட்டுக் குத்தகைக்குப் போய்விட்ட கண்மாயில் ஊர்க்காரன் கால் நனைத்தாலும் சண்டைதான்.)

எஸ்டேட்டில் இது நடக்காது என்பதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. 1951-ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கும் பிள்ளைகளுக்கும் பொழுதுபோக்கு வசதி செய்து தரும்படி முதலாளியைக் கட்டாயப்படுத்த மாநில அரசு விதி போடலாம் என்றது. எங்கள் லயத்தில் அந்தப் பொழுதுபோக்கு ஒரு கேரம் போர்டாக வந்து சேர்ந்தது. ஸ்ட்ரைக்கர் கிடையாது. குளம் நானூறு அடியில் இருந்தது. வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லயத்துக்காரர்களுக்கு மட்டும், தூண்டில் மட்டும், வலை கூடாது, வீட்டுக்கு ஒரு மீன் என்று வைத்திருந்தால் கம்பெனிக்கு என்ன குறைந்துபோயிருக்கும்? பிளீச்சிங் பவுடர் போட வருகிறவனை லயத்துக்காரனே விரட்டியிருப்பான். இன்றைக்கு அந்தக் குளத்தைக் காவல் காக்கிறவர்களும் லயத்துக்காரர்கள்தான், சம்பளத்துக்கு.

மீனைக் காப்பாற்றத்தான் எங்களைத் தடுத்தார்கள் என்றால்கூட நான் ஏற்றுக்கொள்வேன். இப்போது மணிக்கணக்கில் காசு வாங்கிக்கொண்டு வருகிறவர்களையெல்லாம் உட்கார வைக்கிறார்களே, அந்த மீனுக்கு இப்போது பாதுகாப்பு வேண்டாமா? திருட்டு என்று எழுதினபோது மீனின் விலையையாவது எழுதியிருக்கலாம். ஏழு நாள் சம்பளத்தில் கழித்துக்கொண்டிருப்பார் தாத்தா.

இவ்வளவையும் எழுதி வைத்துக்கொண்டு போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். வேலையை விட்டதும் லயத்து வீட்டையும் விடவேண்டும் என்பதால் தாத்தாவும் பாட்டியும் இப்போது மேட்டுப்பாளையத்தில் அத்தை வீட்டில் இருக்கிறார்கள். படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனைத் தள்ளிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். நான்தான் கோபமாக இருந்தேன்.

"தண்ணி கொறஞ்சிருக்கே" என்றார். அப்புறம், "கரையோரம் சீகை எல்லாத்தையும் வெட்டிட்டானுவ. நெழல் இல்லாம எப்பிடி நிக்கும்?"

என் வகுப்புப் பசங்கள் போகிறார்கள், நான் போகவில்லை என்றேன்.

"ஏன், நீயும் போ தம்பி. காசு குடுத்துதான போற, என்ன." போனைத் திருப்பிக் கொடுத்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. பாட்டி காபி கொண்டுவந்து வைத்தார். பாதி குடித்திருப்பார், மறுபடி போனைக் கேட்டு வாங்கி, படத்தில் இருந்த தொப்பிக்காரரை விரலால் தொட்டார். அவர் தொட்டதில் படம் பெரிதாகிப்போய்த் தண்ணீர் மட்டும் தெரிந்தது.

"இவரு ஒக்காந்திருக்கிற எடத்துல ஒண்ணும் மாட்டாது. சேறு. மதகுக்கு எடது பக்கம், கற்பூர மரத்துக்கு நேரா போடச் சொல்லு ஒன் கூட்டாளிங்கள. ரொட்டிய அழுத்திப் பெசைய வேணாம்னு சொல்லு."

சொல்லிவிட்டேன், நண்பர்களே.